இரு குருமாரின் நட்பும் ஒரு நாவலின் மறுபக்கமும்

அமெரிக்க எழுத்தாளர் வில்லா கேதர் 1927ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற நாவல் ‘பேராயரைத் தேடி வந்த மரணம்’. தலைப்பில் மரணம் இருந்தாலும், நூலின் உயிர்நாடி நட்புதான். பிரான்சிலிருந்து வந்த லத்தூர், வய்யான் என்ற இரு கத்தோலிக்க குருமார், நியூ மெக்சிகோவின் வறண்ட நிலத்தில் கோவேறு கழுதைகளில் பயணம் செய்து சமயப் பணியாற்றுவதே கதை.

இவ்விருவரும் வெறும் கற்பனை அல்லர். லத்தூருக்கு முன்மாதிரி ழான் பப்டிஸ்ட் லாமி. வய்யானுக்கு ஜோசப் மாஷ்பஃப். பிரான்சின் ஓவெர்ன் வட்டாரத்தில் பிறந்து, ஒரே குருமடத்தில் பயின்று, 1839இல் ஒன்றாக அமெரிக்கா சென்றவர்கள். மாஷ்பஃப்பின் வாழ்க்கை வரலாறு 1908இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற கடிதங்களே கேதரின் நாவலுக்கு ஊற்றாக அமைந்தன.

பிரிவில் வளர்ந்த நட்பு

மெக்சிகோவுடன் நடந்த போருக்குப் பின், 1848இல் நியூ மெக்சிகோ அமெரிக்கா வசமானது. அங்குள்ள திருச்சபையைக் கவனிக்க ரோமாபுரி 1850இல் லாமியை நியமித்தது. லாமி முதலில் துணைக்கு அழைத்தது மாஷ்பஃப்பைத்தான். 1851இல் இருவரும் சாந்தா ஃபே நகரை அடைந்தபோது, உள்ளூர் குருமார் புதிய ஆயரை ஏற்க மறுத்தனர். அவர்கள் அதுவரை மெக்சிகோவின் துராங்கோ ஆயருக்குக் கட்டுப்பட்டவர்கள். லாமி குதிரையேறி துராங்கோவுக்கே சென்று, அந்த ஆயரை நேரில் கண்டு உரிமையை உறுதிப்படுத்தினார். அதுவரை சாந்தா ஃபேயில் பொறுப்பைச் சுமந்தவர் மாஷ்பஃப்.

அப்படிப்பட்ட நண்பரைத்தான் லாமி 1860இல் தம்மிடமிருந்து பிரித்து அனுப்பினார். கொலராடோவில் தங்கம் தேடிக் குவிந்த மக்களுக்குக் குரு தேவைப்பட்டார். மாஷ்பஃப் மறுக்கவில்லை. விபத்தில் கால் ஊனமான பிறகும் மலைச் சுரங்க ஊர்களில் பணியைத் தொடர்ந்தார். 1887இல் டென்வரின் முதல் ஆயரானார். நாவலில் வய்யான் முதலில் இறக்கிறார். வரலாற்றிலோ லாமி 1888இல் காலமானார். மாஷ்பஃப் அடுத்த ஆண்டு மறைந்தார்.

மறைக்கப்படாத ஒரு பெயர்

நண்பர்கள் இருவருக்கும் வேறு பெயர் சூட்டிய கேதர், அவர்களை எதிர்த்த டாவோஸ் ஊர்க் குரு அந்தோனியோ ஹோசே மார்த்தினெஸின் பெயரை அப்படியே விட்டுவிட்டார். நாவலில் அவர் ஒழுக்கக்கேடர், அதிகார வெறியர்.

உண்மை மார்த்தினெஸ் பள்ளி நடத்தியவர். 1830களிலேயே அச்சகம் வைத்துப் பாடநூல்கள் அச்சிட்டவர். மக்கள் பிரதிநிதியாகச் சட்டமன்றத்திலும் அமர்ந்தவர். திருச்சபைக் காணிக்கையை லாமி கட்டாயமாக்கியபோது, ஏழைகளுக்கு அது பெருஞ்சுமை என்று பத்திரிகையில் எழுதி எதிர்த்தார். பூசல் முற்றி, லாமி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். மார்த்தினெஸ் 1867இல் இறக்கும்வரை தம் வீட்டிலேயே தம்மை நம்பியவர்களுக்கு வழிபாடு நடத்தினார்.

நியூ மெக்சிகோவில் பிறந்த பிரான்சிஸ்கன் துறவி அஞ்செலிகோ சாவெஸ், 1981இல் மார்த்தினெஸின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். அதற்குள் நாவல் வெளிவந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அத்தனை காலமும் நாவலை மட்டும் படித்தவர்கள் மார்த்தினெஸை வில்லனாகவே அறிந்திருந்தனர். லாமி, மாஷ்பஃப் நட்பு போற்றத்தக்கதே. ஆனால் அந்த நட்பின் கதையில் தோற்றவருக்கும் ஒரு வரலாறு உண்டு.