சக்தி நுண்செயலிகளின் பொது இயக்கி நிரல்

சக்தி என்பது சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் 2014-இல் தொடங்கிய நுண்செயலித் திட்டம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் உருவான ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியே இதன் அடிப்படை. சக்தியின் சில்லுகள் வெளிவந்த ஒவ்வொரு முறையும் அவை செய்தியாயின. அந்தச் சில்லுகள் பலவற்றுக்கும் பொதுவாக இயக்கி நிரலைப் பிரித்து அமைத்த வேலை செய்தியாகவில்லை. இத்திட்டத்தில் மாணவர்கள் முதலில் கற்க வேண்டியது அதைத்தான்.

சக்தி ஒரே செயலி அல்ல. ஈ வகுப்பு சிறு கருவிகளுக்கானது. சி வகுப்பு லினக்ஸை ஓட்டவல்ல 64 பிட் செயலி. உள்ளமைப்பை மாற்றி எழுதத்தக்க எஃப்பிஜிஏ போர்டுகளில் ஏற்றிப் பழக வெளியிட்ட வடிவங்களுக்குப் பினாகா, பரசு, வஜ்ரா எனத் தெய்வங்களின் ஆயுதப் பெயர்களை இட்டார்கள். முதல் இரண்டும் 32 பிட், வஜ்ரா 64 பிட். வார்க்கப்பட்ட சில்லுகளில் ரைஸ்கிரீக் 2018-இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், ரிமோ அதே ஆண்டில் சண்டிகர் அருகிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையிலும் உருவாயின. 2020-இல் மௌஷிக் வந்தது.

இத்தனை செயலிகளுக்கும் தனித்தனியே இயக்கி எழுதினால் என்ன ஆகும்? ஒரு கோப்பை நகலெடுத்து நாலு எண்களை மாற்றினால் புதிய போர்டு அன்றே வேலை செய்யும். பிறகு ஒரு பிழை தெரியவரும்போது ஒரு நகலில் திருத்துவார்கள். மற்றவற்றில் அது அப்படியே கிடக்கும்.

இதைத் தவிர்க்கச் சக்தியின் மென்பொருள் தொகுப்பு நிரலை மூன்றாகப் பிரிக்கிறது. செயலியின் கருவைச் சேர்ந்த நிரல் ஓரிடம், சாதன இயக்கிகள் ஓரிடம், போர்டுக்குரிய விவரங்கள் வேறிடம். நிரலைத் தொகுக்கும்போது எந்தப் போர்டு என்று சொன்னால் போதும். அதற்குரிய முகவரிகளும் நினைவக அமைப்பும் வந்து சேரும்.

தொடர் தகவல் வாயிலான யூஆர்டை எடுத்துக்கொள்வோம். நிலைப் பதிவகத்தைப் பார்த்து, அனுப்பும் வரிசையில் இடம் இருந்தால் அடுத்த பைட்டை எழுதுவதே இயக்கியின் வேலை. இது எந்தச் சக்தி செயலியிலும் மாறாது. சாதனத்தின் முகவரியும் கடிகார வேகமும் போர்டின் சங்கதிகள். கடிகாரம் 50 மெகாஹெர்ட்ஸ், தகவல் வேகம் வினாடிக்கு 19,200 பிட் என்றால், இவ்விரண்டிலிருந்து கணக்கிடும் வகுஎண் 162. கடிகாரம் மாறினால் இந்த எண் மாறும், சூத்திரம் மாறாது. சூத்திரம் இயக்கியிலும் கடிகார வேகம் போர்டுக் கோப்பிலும் இருப்பதுதான் முறை.

32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போகும்போதுதான் உண்மையான சோதனை. ரிஸ்க்-ஃபைவின் நேரப் பதிவகம் எப்போதும் 64 பிட். வஜ்ரா அதை ஒரே வாசிப்பில் எடுத்துவிடும். பினாகா இரண்டு பாதியாக வாசிக்க வேண்டும். மேல் பாதியை வாசித்துக் கீழ்ப் பாதிக்கு வருவதற்குள் கீழ்ப் பாதி நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பிவிட்டால், நேரம் சுமார் 429 கோடி துடிப்புகள் பின்னால் போய்விடும். அதனால் மேல் பாதியை மறுபடி வாசித்து, மாறியிருந்தால் எல்லாவற்றையும் திரும்ப வாசிக்க வேண்டும். செயலியின் ஓட்டம் தடைபட்டதற்குக் காரணம் குறுக்கீடா பிழையா என்று காட்டும் பிட்டும் 32 பிட் செயலியில் 31-ஆம் இடத்தில், 64 பிட் செயலியில் 63-ஆம் இடத்தில் இருக்கிறது. இத்தகைய வேறுபாடுகளைக் கருவுக்குரிய நிரலிலேயே அடைத்துவிட வேண்டும். அவை ஒவ்வொரு இயக்கிக்குள்ளும் ‘இந்தச் செயலியானால் இப்படி’ என்ற நிபந்தனைகளாகப் பரவினால், நகல்கள் இருந்த காலமே மேல் என்றாகிவிடும்.

இந்தச் சிக்கலைப் பேரளவில் பட்டு அறிந்தது லினக்ஸ். ஆர்ம் செயலிகளுக்கென்று ஒவ்வொரு நிறுவனமும் தன் போர்டு விவரங்களை நிரலாகவே எழுதிக் குவித்தது. 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். அதன்பின் போர்டு விவரங்கள் ‘சாதன மரம்’ எனப்படும் தரவுக் கோப்புகளுக்கு நகர்ந்தன. பல நிறுவனங்களின் ஆர்ம் செயலிகளில் ஒரே லினக்ஸ் கெர்னல் ஓடும் வசதி 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில் கிடைத்தது. சக்தியின் சிறு போர்டுகளில் சாதன மரத்தை வாசிக்கும் அளவுக்கு நினைவகத்தைச் செலவிட முடியாது. அங்கே தொகுக்கும் நேரத்திலேயே விவரங்களைச் சேர்ப்பது சரியான முடிவு.

2025-இல் இஸ்ரோவுடன் இணைந்து உருவான ஐரிஸ் என்ற விண்வெளிக் கட்டுப்பாட்டுச் சில்லும் சக்தி வழிவந்ததே. சக்தி செயலிகளின் வடிவமைப்பும் இயக்கி நிரலும் திறந்த மூலமாக இணையத்தில் கிடைக்கின்றன. சென்னையில் படிப்பவரும் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பவரும் கட்டணமின்றி எடுத்து வாசிக்கலாம். யூஆர்ட் இயக்கியிலிருந்து தொடங்குவது எளிது.