வல்லாளன் வாழ்ந்த வீதி

அண்ணாமலையை நெருப்பாகவும் சோதியாகவும் பாடிய கவிஞர் பலர். நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்குகளிலும் மலையே பாடுபொருளாய் நின்றது. மலையடியில் ஒரு பேரரசின் தலைநகரம் இருந்ததை நாம் ஏனோ மறந்தோம்.

1311இல் மாலிக் காபூரின் படை துவாரசமுத்திரத்தைத் தாக்கியது. 1327இல் துக்ளக்கின் படை அதனை அழித்தது. போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் அதன்பின் தெற்கே வந்து திருவண்ணாமலையில் தங்கினான். கன்னடக் கல்வெட்டுகள் இவ்வூரை உண்ணாமலைப் பட்டணம் என்கின்றன. அருணசமுத்திரம் என்ற பெயரும் வழங்கியது. இழந்த துவாரசமுத்திரத்தின் எதிரொலி அப்பெயரில் கேட்கவில்லையா? வட எல்லையையும் காவிரிக்கரையையும் ஒருசேரக் கவனிக்க ஏற்ற இடம் இது. சுமார் பதினைந்து ஆண்டுகள் அரச ஆணைகள் இங்கிருந்து புறப்பட்டன.

அந்தத் தலைநகரின் அரச வீதி எது? அரண்மனையென்று சுட்டிக்காட்ட இன்று ஒரு சுவரும் இல்லை. ஆயினும் ஒரு வாயில் நிற்கிறது. கிழக்கே 217 அடி உயர்ந்த இராசகோபுரத்தையும், ஆயிரங்கால் மண்டபத்தையும், சிவகங்கைத் தீர்த்தத்தையும் கடந்தபின் நாம் காண்பது வல்லாள கோபுரம். அம்மூன்றும் கிருட்டிணதேவராயர் காலப் பணிகள். இராசகோபுரத்தை முடித்தவர் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர். எனவே வல்லாளன் நாளில் கிழக்குத் திசையின் புற வாயில் அவன் எழுப்பிய கோபுரமாகவே இருந்திருக்க வேண்டும். அதன்முன் விரிந்த வெளியே தலைநகரின் முகப்பாக அமைந்திருக்கும் என்பது என் துணிபு. அவ்வாறாயின், இன்று நாம் காலணியைக் கழற்றிவிட்டு நடக்கும் ஐந்தாம் பிராகாரம், அன்று குதிரைகள் நின்ற வீதி. கோயில் வளர்ந்து வீதியைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. தேரடி வீதியும் திருவூடல் வீதியும் பேகோபுர வீதியும் பெரிய வீதியும் இன்றைய மாடவீதிகள். அரசனின் வீதியோ மதிலுக்குள் இருக்கிறது.

1342இல் திருச்சிக்கு அருகே கண்ணனூர்க் கொப்பத்தில் மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் வல்லாளன் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு எண்பது வயது என்கிறார் இபன் பதூதா. உடலின் தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாமே கண்டதாகவும் எழுதிவைத்திருக்கிறார். படிக்கும்போதே நெஞ்சு நடுங்கும் செய்தி இது.

ஊர் இதை வேறு விதமாக நினைவில் வைத்தது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வல்லாளன் மகப்பேறற்றவன். இறைவனே குழந்தையாய் வந்து, நீர்க்கடன் செய்யும் மகனாவதாக வாக்களிக்கிறான். வரலாற்றிலோ அவனுக்கு மகன் உண்டு. விருபாட்ச வல்லாளன் என்னும் அவனே தந்தைக்குப்பின் சிறிதுகாலம் அரசு கட்டிலில் இருந்தான். புராணத்தைப் பொய்யென ஒதுக்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஈமக்கடன் பெற முடியாமல் மதிலில் தொங்கிய ஓர் உடலுக்கு, ஊர் தன் தெய்வத்தையே மகனாக்கிக் கொடுத்தது என்றே அக்கதையைக் கொள்கிறேன்.

அரசு இருக்கை இவ்வூருக்கு மறுபடியும் வந்தது 1989 செப்டம்பர் 30இல், மாவட்டத் தலைநகராக. அப்போது சூட்டிய பெயரில் சம்புவராயர் இருந்தார், வல்லாளன் இல்லை. இன்றைய ஆட்சியரகம் வேலூர்ச் சாலையில் வேங்கிக்காலில் இயங்குகிறது. 2024இல் நகராட்சி மாநகராட்சியாயிற்று.

வல்லாளனின் பெயர் ஆண்டுதோறும் ஒலிப்பது வேறிடத்தில். தைப்பூசத்தன்று ஈசானிய குளத்தில் தீர்த்தவாரி முடித்துத் திரும்பும் அண்ணாமலையாருக்கு மன்னனின் மறைவு அறிவிக்கப்படுகிறது. மேளம் நிற்கிறது, ஒலியின்றி அவர் கோயில் சேர்கிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்குச் சென்று மகன் முறையில் திதி கொடுக்கிறார். போகும்போதும் வரும்போதும் அவர் கடப்பது அதே வல்லாள கோபுரத்தை.