தேவதைக் கதைகளில் இடமில்லாத குழந்தைகள்

1920 ஜனவரி. பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கிய அதே மாதம், நியூயார்க்கில் 'தி பிரவுனீஸ் புக்' என்ற மாத இதழ் வெளிவந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்காகக் கறுப்பினத்தவரே கைக்காசைப் போட்டு நடத்திய இதழ் அது. இந்த இருவருக்கும் அன்று அறிமுகம் கிடையாது. ஆனால் இரண்டு இதழ்களுக்கும் காரணம் ஒன்றுதான். நம்மைப் பற்றி அடுத்தவர் எழுதியதையே எத்தனை காலம் படிப்பது?

அந்த இதழைத் தொடங்கியவர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். அப்போது அவர் 'தி கிரைசிஸ்' இதழின் ஆசிரியர். ஆண்டுதோறும் அதில் குழந்தைகள் சிறப்பிதழும் வரும். 1919 கோடையில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பர்கள் மீது வெறியாட்டம் நடந்தது. கும்பல் கொலைச் செய்திகளை வெளியிடாமல் இருக்க முடியாது. அதே பக்கங்களைத்தான் குழந்தைகளும் படித்தார்கள். வெள்ளையர்களை வெறுக்கிறேன் என்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அவருக்குக் கடிதம் எழுதினாள். டு பாய்ஸை அது உலுக்கியது. உண்மையைக் குழந்தைகளிடம் மறைக்கவும் முடியாது, வெறுப்பை ஊட்டி வளர்க்கவும் கூடாது. என்ன செய்வது?

அன்றைய சிறுவர் நூல்களில் கறுப்பினக் குழந்தை இருக்காது. இருந்தால், கேலிச் சித்திரமாக இருக்கும். எனவே ஜெஸ்ஸி ஃபாசெட், அகஸ்டஸ் டில் இருவரோடும் சேர்ந்து அவர் சொந்தப் பதிப்பாக இதைத் தொடங்கினார். விலை 15 சென்ட், ஆண்டுச் சந்தா ஒன்றரை டாலர். முதல் இதழின் அட்டையில் வெள்ளை உடையில் நடனமாடும் கறுப்பினச் சிறுமியின் புகைப்படம். அந்தப் படத்தைப் பார்த்த ஒரு குழந்தைக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இதழில் கதை, பாட்டு, விளையாட்டு, உலகச் செய்தி எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது குழந்தைகளின் கடிதப் பகுதிதான். ஒரு சிறுவனுக்கு வீடுகளுக்கு வரைபடம் போடும் ஆசை. அதைச் சொன்னபோது, கறுப்புப் பையன்கள் வரைபடம் போடமாட்டார்கள் என்று ஒரு வெள்ளைச் சிறுவன் சிரித்துவிட்டான். நாங்கள் பெரியவர்களானால் என்னென்ன வேலை செய்யலாம், இதழில் போடுங்கள் என்று கேட்டு எழுதினான் அவன். புவியியல் பாடத்தில் மற்ற மக்களெல்லாம் அழகாக இருக்க, ஆப்பிரிக்கர்கள் மட்டும் ஏன் அசிங்கமாகக் காட்டப்படுகிறார்கள் என்று வருந்தி எழுதினாள் ஒரு சிறுமி. வகுப்பறையில் சாதியால் கூனிக் குறுகிய யாருக்கும் இந்தக் கடிதங்கள் புரியும்.

1921 ஜனவரி இதழில், பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஓர் இளைஞனின் கவிதைகள் வந்தன. அவர்தான் லாங்ஸ்டன் ஹியூஸ். அதே ஆண்டில், கறுப்பின முன்னோடிகளின் வரலாற்றைச் சிறுவர்களுக்குச் சொல்லும் எலிசபெத் ராஸ் ஹெய்ன்ஸின் 'அன்சங் ஹீரோஸ்' நூலையும் இதே பதிப்பகம் கொண்டுவந்தது.

போருக்குப் பின் வந்த தொழில் மந்தத்தில் மக்களிடம் சந்தா கட்டக் காசில்லை. 1921 டிசம்பரோடு இதழ் நின்றது. மொத்தம் 24 இதழ்கள்தான். இதைத் தோல்வி என்பீர்களா? நூறாண்டு கழித்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை மின்வடிவில் வைத்திருக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

தோழர்களே, என் கவலை இங்கேதான். நம் சேரிகளின் இரவுப் பாடசாலைகளில், கருத்தரங்க வாசலில் விரித்த துண்டின் மேல், ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்த சிறுவர் புத்தகங்களைப் பார்த்திருக்கிறோம். அச்சு சுமாராக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஆனால் அதில் நம் தெருவும் நம் பாட்டியும் இருப்பார்கள். இருபது ரூபாய் கொடுத்து வாங்குகிறோம், பையில் போடுகிறோம், மறந்துவிடுகிறோம். அவற்றை எந்த நூலகம் வைத்திருக்கிறது?

அடுத்த முறை வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை ஒரு குழந்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இன்னொன்றில் எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு குறித்துப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் நீங்களே ஒன்று எழுதுங்கள். வரைபடம் போட ஆசைப்பட்ட அந்தச் சிறுவனைப் போன்ற ஒருவன் நம் தெருவிலும் இருக்கிறான்.

ஜெய் பீம்.