நல்ல முதியோர் இல்லம் எது? யாரைக் கேட்டால் தெரியும்?



என்னிடம் படித்தவர்களில் பலருக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. உங்கள் பெற்றோருக்கு எழுபது, எண்பது. அண்மைக்காலமாக உங்களில் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "டீச்சர், அம்மாவை ஓர் இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலைமை. எது நல்ல இல்லம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?" இதே கேள்விக்கு விடை தேடி அமெரிக்கா அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கிறது. அந்த வரலாற்றை இன்று சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அப்படி இல்லை. தானாகக் குளிக்க, உண்ண, நடமாட முடியாதவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் இடம் அது.

1965-ல் அதிபர் ஜான்சன் காலத்தில் மெடிகேர், மெடிகெய்டு என்ற இரண்டு அரசுத் திட்டங்கள் சட்டமாயின. ஏழை முதியவர்களின் இல்லச் செலவை மெடிகெய்டு ஏற்றது. பணம் நிச்சயம் என்றானதும் இல்லங்கள் பெருகின. நல்லவர்களும் வந்தார்கள், லாபம் ஒன்றையே பார்த்தவர்களும் வந்தார்கள். 1970 ஜனவரியில் ஒஹையோ மாநிலத்தின் மேரியட்டா ஊரில் ஓர் இல்லத்தில் தீப்பிடித்து முப்பதுக்கும் மேற்பட்ட முதியவர்கள் இறந்தார்கள். பலரைக் கொன்றது புகைதான். அதன் பிறகு அரசின் கவனம் கட்டடம், தீத்தடுப்பு போன்றவற்றின் பக்கம் திரும்பியது. அது தேவையானதுதான். ஆனால் உள்ளே இருப்பவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பது பின்னுக்குப் போனது.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஒரு வழக்கு. 1975-ல் கொலராடோ மாநிலத்தில் இல்லவாசிகள் சிலர் நீதிமன்றம் சென்றார்கள். ஆய்வுக் குழுவினர் நிரப்ப வேண்டிய அரசுப் படிவத்தில் 541 கேள்விகள் இருந்தன. அவற்றில் நோயாளியின் பராமரிப்போடு ஓரளவாவது தொடர்புடையவை வெறும் 30 என்று நீதிமன்றப் பதிவு சொல்கிறது. மற்றவை எல்லாம், நல்ல பராமரிப்பு தருவதற்கான வசதி இருக்கிறதா என்பதைப் பற்றியவை. உண்மையில் தரப்படுகிறதா என்பதை அவை கேட்கவில்லை. 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதைத் தெரிந்துகொள்வது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது.

ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வரும் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். சில அலுவலர்கள் வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, பாடத்திட்டம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். சிலர் கடைசி பெஞ்சுப் பிள்ளையை எழுப்பி, "இந்தப் பத்தியைப் படி தம்பி" என்பார்கள். பள்ளியின் நிலைமை அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் அப்படிக் கடைசி பெஞ்சைக் கேட்டது ஒரு மக்கள் அமைப்பு. எல்மா ஹோல்டர் என்ற பெண்மணி 1975-ல் அதைத் தொடங்கினார். அவர்கள் 15 நகரங்களில் நானூறுக்கும் மேற்பட்ட இல்லவாசிகளிடம் நேரில் பேசி, நல்ல பராமரிப்பு என்றால் என்ன என்று கேட்டு, 1985-ல் வெளியிட்டார்கள். முதியவர்கள் பளபளக்கும் தரையைப் பெரிதாகச் சொல்லவில்லை. பணியாளர்கள் அன்பாக நடந்துகொள்ள வேண்டும், சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும், எங்கள் விருப்பத்துக்கும் மதிப்பு வேண்டும் என்றார்கள்.

அடுத்த ஆண்டு மருத்துவக் கழகத்தின் நிபுணர் குழு தன் அறிக்கையைத் தந்தது. 1987 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தில் இந்தச் சீர்திருத்தம் இடம்பெற்றது. ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வர வேண்டும், இல்லவாசிகளிடம் பேச வேண்டும். உதவிப் பணியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். பணியாளரின் வசதிக்காக யாரையும் கட்டிவைக்கக் கூடாது. 1980-களின் இறுதியில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் கட்டிலிலோ நாற்காலியிலோ கட்டிவைக்கப்பட்டிருந்தார்கள். 2010-களின் நடுவில் அது 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எத்தனை ஆயிரம் கைகள் அவிழ்க்கப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. 2008-ல் இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரும் முறை வந்தது. ஆய்வு முடிவு, பணியாளர் எண்ணிக்கை, பராமரிப்புக் குறியீடுகள் என்று மூன்று பகுதிகள். பின்னிரண்டும் பெரும்பாலும் இல்லங்களே எழுதித் தந்த கணக்கு. மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக்கொண்டால் மதிப்பெண் எப்படி வரும்? 2018-ல் சம்பளப் பட்டியலைக் கொண்டு பணியாளர்களை எண்ணத் தொடங்கியதும் பல இல்லங்களின் நட்சத்திரம் குறைந்தது. மனநோய் மருந்து கொடுத்து முதியவர்களை மயக்கத்தில் வைப்பதும் குறியீட்டில் சேர்ந்திருந்தது. ஆனால் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. 2021-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆராய்ந்தபோது, இல்லவாசிகளில் ஒன்பதில் ஒருவருக்கு அந்த நோய் இருப்பதாகப் பதிவாகியிருந்தது. பொதுமக்களிடையே அது சுமார் 150-ல் ஒருவருக்குத்தான். 2023-ல் அரசு இந்தப் பதிவுகளைத் தணிக்கை செய்யப்போவதாக அறிவித்தது.

கணக்கெடுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கெடுத்ததால்தான் அத்தனை கட்டுகள் அவிழ்ந்தன. ஆனால் தாளில் உள்ளதைப் படுக்கையருகே போய்ச் சரிபார்க்க ஒருவர் வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, இல்லம் பார்க்கப் போனால் வரவேற்பறையோடு திரும்பிவிடாதீர்கள். சொல்லாமல் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போங்கள். இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர் என்று கேளுங்கள். படுத்தே இருப்பவரை எத்தனை மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள், யாருக்காவது படுக்கைப்புண் இருக்கிறதா என்று கேளுங்கள். மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று கவனியுங்கள். பகலில் எல்லோரும் தூங்கி வழிந்தால் காரணம் கேளுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா?" என்று தொடங்குங்கள். மீதியை அவரே சொல்வார்.

சேர்த்த பிறகும் போய்ப் பாருங்கள். அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் கட்டிலைப் பணியாளர்களும் மறப்பதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்