திஸ்ர நடையில் டிரம்ஸ்: கட்டற்ற மென்பொருளில் ஜாஸ், புளூஸ் தாளம் அமைத்தல்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ஜாஸ், புளூஸ் இசைகளுக்குரிய டிரம்ஸ் தாளத்தை, வாசிக்க ஆள் இல்லாமல் கணினியில் கட்டம் கட்டமாக எழுதி ஒலிக்கவைக்கும் வேலை இது. மெல்லிசைக் குழுக்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் இதை ‘ரிதம் புரோகிராமிங்’ என்கின்றன. ஹைட்ரஜன், எல்.எம்.எம்.எஸ்., மியூஸ்ஸ்கோர் என்று மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களே இதற்குப் போதும்.

மதுரை–மேலூர் சாலையில் யானைமலை அடிவாரத்தில் இருக்கும் ஒத்தக்கடை ஜாஸ் ஊர் அல்ல. அந்த வட்டாரத்தில் திருவிழா என்றால் தப்பு, உறுமி, நையாண்டி மேளம்தான். இருந்தாலும் இதைக் கற்க அப்படியொரு ஊரில் வளர்ந்த காது நல்ல முதலீடு. கரகாட்டத்துக்கு வாசிக்கும்போது திரும்பத் திரும்ப வரும் ‘தகிட தகிட’ ஓட்டம்தான் புளூஸின் ‘ஷஃபிள்’ தாளத்துக்கும் எலும்புக்கூடு. ஓர் அட்சரத்தை நான்காகப் பிரித்தால் சதுஸ்ர நடை, மூன்றாகப் பிரித்தால் திஸ்ர நடை. ஜாஸ்காரர்கள் ‘ஸ்விங்’ என்று சொல்வது, மூன்றாகப் பிரித்த அட்சரத்தில் நடுச்சொல்லை விழுங்கிவிட்டு முதலையும் கடைசியையும் மட்டும் வாசிப்பது. ‘த–கி–ட’வில் ‘கி’ மௌனம்.

கட்டத்தை மாற்றுவது

டிரம் மென்பொருள்கள் பலவும் திறந்தவுடன் 16 கட்டங்களைக் காட்டும். நான்கு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு கட்டம். முழுக்க முழுக்கச் சதுஸ்ரம். புதிதாக வருபவர் அதிலேயே புள்ளி வைத்துவிட்டு, ஜாஸ் ஏன் அணிவகுப்பு மாதிரிக் கேட்கிறது என்று குழம்புவார். நிமிடத்துக்கு 120 அட்சர வேகத்தில் ஓர் அட்சரம் 500 மில்லிவினாடி. அதை நேர்பாதியாக வெட்டினால் இரண்டாவது அடி 250-இல் விழும். ஸ்விங் கேட்பது 333-ஐ ஒட்டிய இடத்தை. அந்த 83 மில்லிவினாடியில்தான் வித்தியாசம் முழுதும் இருக்கிறது.

அலெசாண்ட்ரோ கொமினு தொடங்கிய ஹைட்ரஜனில் ஓர் அட்சரம் உள்ளுக்குள் 48 துளிகளாகப் பிரிந்திருக்கிறது. 48 நான்காலும் வகுபடும், மூன்றாலும் வகுபடும். ஆகவே தாள எழுதுபலகையின் மேலே கட்ட அளவுப் பட்டியலில் ‘8டி’யைத் தேர்ந்தால், நான்கு அட்சரம் கொண்ட ஓர் அளவை (பார்) 12 கட்டங்களாகிவிடும். முதல் வேலை இதுதான். அதே மென்பொருளின் கலவைப் பலகையில் ‘ஸ்விங்’ என்றொரு திருகும் இருக்கிறது. பலர் முதலில் அதைத் திருகி ஏமாறுகிறார்கள். அது தள்ளிவைப்பது பதினாறாம் பங்கு அடிகளை மட்டுமே. ஜாஸுக்குத் தேவையான எட்டாம் பங்கு அடிகளை அது தொடுவதில்லை.

ஸ்விங்கை விழுக்காட்டில் அளக்கும் பழக்கம் ரோஜர் லின் 1980-இல் கொண்டுவந்த எல்.எம்.-1 டிரம் இயந்திரத்தோடு பரவியது. நேர்பாதி 50, சுத்தத் திஸ்ரம் ஏறத்தாழ 67. மியூஸ்ஸ்கோர் இயல்பாக வைத்திருக்கும் 60 இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் கூச்சத்தோடு நிற்கிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: நல்ல டிரம்மர் எவரும் கணக்காக 67-இல் வாசிப்பதில்லை. மெதுவான பாட்டில் அடி இன்னும் பின்னால் போகும். நிமிடத்துக்கு 250-ஐத் தாண்டிய வேகத்தில் கிட்டத்தட்ட நேராகிவிடும். ஆக 12 கட்டம் என்பது தொடங்குமிடம்தான்.

ஜாஸ் தாளம்

1930-களில் கவுன்ட் பேஸியின் குழுவில் ஜோ ஜோன்ஸ் தாளத்தைக் காலால் அடிக்கும் கிக் டிரம்மிலிருந்து ஹை-ஹேட் என்ற இரட்டைத் தட்டுக்கு ஏற்றினார். 1940-ஐ ஒட்டி நியூயார்க்கில் கென்னி கிளார்க் அதை ரைடு தட்டுக்குக் கொண்டுபோனார். அதனால் ஜாஸில் பாட்டைத் தூக்கிச் செல்வது ரைடு; கிக்கும் ஸ்நேர் டிரம்மும் பேச்சுத்துணை. கணினியில் எழுதும்போதும் ரைடிலிருந்தே தொடங்க வேண்டும். 12 கட்டத்தில் 1, 4, 6, 7, 10, 12 ஆகியவற்றில் புள்ளி வைக்கவும். வாயால் சொன்னால் ‘தகிட’வை நான்கு முறை சொல்லி, ஒன்றிலும் மூன்றிலும் ‘த’வுக்கு மட்டும், இரண்டிலும் நான்கிலும் ‘த’, ‘ட’ இரண்டுக்கும் தட்டுவது. காலால் மூடும் ஹை-ஹேட் 4-இலும் 10-இலும். கிக்கை நான்கு அட்சரத்திலும் வைக்கலாம், காதுக்கு எட்டியும் எட்டாமலும்.

கடைசிச் சொல்லைக் கவனிக்கவும். ஹைட்ரஜனில் எந்த அடியும் 0.8 அழுத்தத்தில்தான் பிறக்கும். எல்லாவற்றையும் அப்படியே விட்டால் கேட்பவர் இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். பலகையின் அடியில் இருக்கும் அழுத்தக் கோடுகளை இழுத்து, ரைடின் அட்சர அடிகளை 0.7 முதல் 0.8 வரையிலும், ‘ட’ அடிகளை 0.5-இலும், கிக்கை 0.2-இலும் வைத்துப் பார்க்கலாம். இரண்டாவது, நான்காவது அட்சரங்கள் மற்ற இரண்டையும் விட ஒரு துளி ஓங்கி இருக்கட்டும். ‘ஹியூமனைஸ்’ திருகு அடிகளைத் தற்போக்காகக் கலைக்கும்; மனிதக் கை அப்படித் தற்போக்காகத் தவறுவதில்லை. கால்வாசிக்கு மேல் திருகினால் வாசிப்பவர் தூங்கி வழிவது போலிருக்கும்.

ஸ்நேரில் இடையிடையே விழும் சின்னச் சொற்களை ஒரே அளவையில் எழுதிச் சுழலவிடுவது வீண்வேலை. ஒரே ரைடின் மேல் ஸ்நேர் மாறும் ஏழெட்டு வடிவங்களைத் தனித்தனியே எழுதி, பாட்டு எழுதுபலகையில் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும்.

புளூஸ்

இது எளிது, வழக்கமும் இறுக்கமானது. ஷஃபிளில் ஹை-ஹேட் 1, 3, 4, 6, 7, 9, 10, 12. கிக் 1, 7. ஸ்நேர் 4, 10. மெதுவான புளூஸ் என்றால் 12 கட்டத்திலும் ஹை-ஹேட், வேகம் நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டி. பாட்டின் ஒரு சுற்று 12 அளவை. 120 வேகத்தில் சரியாக 24 வினாடி. நான்காவது, எட்டாவது அளவைகளின் கடைசியில் சிறு உருட்டு, பன்னிரண்டாவதில் அடுத்த சுற்றுக்கு அழைக்கும் பெரிய உருட்டு. நம் ஊர்த் தீர்மானத்தின் வேலையைத்தான் அது செய்கிறது, மும்முறை சொல்லும் கணக்கு மட்டும் இல்லை.

ஒலிகள்

ஹைட்ரஜனோடு வரும் தொகுப்பு ராக் இசைக்கானது. ஸ்நேர் கனம், ரைடு வறட்சி. ஏ.வி.எல். டிரம்கிட்ஸ் என்ற கட்டற்ற செருகுநிரலின் ‘பிளாண்ட் பாப்’ தொகுப்பு ஜாஸுக்குப் பொருந்தும். பல மைக்குகளில் பதிந்த ஒலியை வேண்டுவோருக்கு டிரம்கிஸ்மோ உண்டு. மிடி என்ற இசைக்கருவி நெறிமுறை வழியாக எந்தக் கருவியோடும் பேச எண்கள் பொது: கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, காலால் மூடுவது 44, ரைடு 51. திறந்த ஹை-ஹேட்டின் ஒலியை மூடியது வெட்ட வேண்டுமானால் இரண்டையும் ஒரே மௌனக் குழுவில் சேர்க்க வேண்டும்.

பிரஷ் வாசிப்பில் மட்டும் மென்பொருள் தோற்கிறது. கம்பித் தூரிகை ஸ்நேர் தோலில் வட்டமிடும் ஒலிக்கு அடி என்று ஒன்று கிடையாது, தேய்ப்புதான். அதைப் புள்ளியில் எழுத முடியாது. பதிவு செய்த தேய்ப்பைச் சுழலவிட்டு மேலே அடிகளை வைப்பது பாதி நிவாரணம்.

தமிழ்நாட்டில்

1958-இல் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு அமெரிக்க அரசு அனுப்பிய பயணத்தில் சென்னைக்கு வந்தது. அதன் டிரம்மர் ஜோ மொரெல்லோ மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். இரு தரப்புக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிராது. திரையிசையில் கணினி வழித் தாளம் கவனம் பெற்றது இளையராஜாவின் ‘புன்னகை மன்னன்’ (1986) வழியாக. ‘ரோஜா’வுக்குப் (1992) பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஊர்க் கச்சேரிகளில் ஆக்டாபேட் என்ற மின்னணுத் தாளக் கருவி புகுந்ததும் இதே போக்கில்தான்.

கருவி வாங்கப் பணம் இல்லாதவருக்கு வழி 2011-இல் திறந்தது. அந்த ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னையிலுள்ள மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸுக்கு அடிப்படையான டெபியனின் களஞ்சியத்தில் தொடக்கத்தில் சொன்ன மூன்று மென்பொருள்களும் உள்ளன. ஹைட்ரஜன் கனமில்லாத நிரல், பழைய மடிக்கணினியிலும் ஓடும். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் படிக்க 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் வருகிறது.

தப்பை உள்ளே கொண்டுவருவது

ஹைட்ரஜனில் சொந்த ஒலித்தொகுப்பையும் கட்டலாம். ஒரே அடியை மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து அடுக்காக வைத்தால், எழுதிய அழுத்தத்துக்கு ஏற்ற பதிவை அது எடுத்துக்கொள்ளும். தப்பு இதற்கு அருமையான கருவி. இடக்கையின் சுண்டுகுச்சி இடைவிடாத நெளிவைத் தரும், வலக்கையின் அடிகுச்சி தாளத்தை அறையும். ரைடுக்கும் ஸ்நேருக்கும் இடையே உள்ள வேலைப்பிரிவினை அப்படியே இருக்கிறது. தொகுப்பில் இரண்டு குச்சிகளுக்கும் தனித்தனி வரி கொடுக்கவும். நெருப்பில் காய்ச்சிய தோல் குளிரக் குளிரச் சுதி இறங்கும் என்பதால், எல்லா அடிகளையும் ஒரே காய்ச்சலில் பதிந்து முடித்துவிட வேண்டும்.