தராசுத் தட்டில் ஏறிய நாலு கிலோ

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குவாளியும் பழைய சட்டையும் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டில் எல்லை கடந்தால் கேரளத்து ஏலத்தோட்டம். செடியின் தூரில் தரையோடு தரையாகப் படர்ந்த சரத்தில் பழுத்த காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும், பிஞ்சு கூடாது. நாள் முழுக்கக் குனிந்த இடுப்பு மாலையில் நிமிர மறுக்கும்.

இந்த மலையேற்றம் இன்று நேற்று தொடங்கியதல்ல. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் போடி வழியாகத்தான் உலகுக்குப் போனது. குண்டளை பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908-இல் குறுகிய பாதை ரயிலும் ஓடின. டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கயிற்றுப் பாதையில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின, பிறகு போடிக்கு. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. தேயிலை இறங்க, தமிழ்க் குடும்பங்கள் கங்காணிகளோடு ஏறின. லயம் எனும் வரிசை வீடுகளில் மூன்று, நான்கு தலைமுறை கழிந்தது.

1956 மாநிலச் சீரமைப்பில், மூணாறை உள்ளடக்கிய தேவிகுளமும், பீர்மேடும் கேரளத்தோடு போயின. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு பதவியேற்றது. தொழில் தகராறுகளில் முதலாளிக்கு ஆதரவாகப் போலீஸ் தலையிடாது என்று அந்த அரசு கொள்கையாகவே அறிவித்தது. கங்காணியின் அதட்டலையும் துரையின் குதிரைக் குளம்பொலியையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எப்படி இனித்திருக்கும்!

அந்த இனிப்பு 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தெரிந்தது. முதல் தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று ஆனதால் வந்த தேர்தல் அது. தமிழ்த் தொழிலாளர் வாக்குதான் முடிவு செய்யும் என்ற நிலை. பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் மலைக்குப் போய், எஸ்டேட் எஸ்டேட்டாகத் தமிழில் பாடி வாக்குக் கேட்டார். கூடவே போன தம்பியைப் பின்னாளில் உலகம் இளையராஜா என்று அறிந்தது. ரோசம்மா மறுபடியும் வென்றார்.

சில மாதங்கள்தான். அதே ஆண்டு அக்டோபரில் மூணாறுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்று நடத்தியது ஏ.ஐ.டி.யு.சி.; ஆளும் கட்சியின் சொந்தத் தொழிற்சங்கம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஹசன் ராவுத்தர், பாப்பம்மாள் என்ற இரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். ஜூலையில்தான் கொல்லம் அருகே சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிலாளர் இருவர் அதேபோல் சுடப்பட்டு இறந்திருந்தார்கள். எதிரி அரசு சுட்டால் கோபம் வரும். தான் வாக்களித்த அரசே சுட்டால், யாரிடம் போய் முறையிடுவது? மூணாறில் பாப்பம்மாளின் வீட்டார் முன் நின்ற கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அதே கேள்வியை ஐந்து ஆண்டுக்கு முன் கிழக்கு பெர்லின் கட்டடத் தொழிலாளர்களும் எதிர்கொண்டார்கள். 1953 மே 28-இல் கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசு வேலை அளவைக் குறைந்தது 10 சதவீதம் உயர்த்தியது. கூலி அப்படியே, அடுக்க வேண்டிய செங்கல் மட்டும் கூடுதல். அளவு எட்டாவிட்டால் கூலியில் வெட்டு. ஜூன் 16 காலை, தொழிற்சங்கத்தின் சொந்தப் பத்திரிகையே அந்த உயர்வு சரிதான் என்று எழுதியது. ஸ்டாலின் சாலையில் கட்டட வேலை செய்தவர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு நடந்தார்கள். அன்றே அரசு உத்தரவைத் திரும்பப் பெற்றும் பயனில்லை. மறுநாள் நாடு முழுக்க 700-க்கும் மேற்பட்ட ஊர்களில் போராட்டம். சோவியத் டாங்குகள் வீதிக்கு வந்தன. குறைந்தது 55 பேர் இறந்தார்கள்.

பெர்லினில் செங்கல் என்றால் மூணாறில் கொழுந்து. 2015 செப்டம்பரில், போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததற்கு எதிராகத் தோட்டத்துப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். பெண்களின் ஒற்றுமை என்று பொருள்படும் பெம்பிளை ஒருமை என்று அந்த அணிக்குப் பெயர். அப்போது ஆண்டது உம்மன் சாண்டியின் காங்கிரஸ் கூட்டணி. பெண்களின் கோபமோ கொடி நிறம் பார்க்கவில்லை. ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி. என எல்லாத் தொழிற்சங்கத் தலைவர்களையும் பந்தலுக்கு வெளியே நிறுத்தினார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் ஒருவர் வந்து அமர்ந்தபோது மட்டும் இடம் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது.

அடுத்து கூலிப் போராட்டம். நாள் கூலி 232 ரூபாயை 500 ஆக்கு என்றார்கள். அக்டோபர் 14-இல் உடன்பாடு: தேயிலைக்கு 301, ஏலத்துக்கு 330. செய்தித்தாள்கள் கூலி உயர்வு என்று பெரிதாகப் போட்டன. ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது.

ஒரு சின்னக் கணக்கு. 21 கிலோவுக்கு 232 என்றால் கிலோவுக்குப் பதினோரு ரூபாய் ஐந்து காசு. 25 கிலோவுக்கு 301 என்றால் பன்னிரண்டு ரூபாய் நாலு காசு. கூலி முப்பது சதவீதம் ஏறியது. ஒரு கிலோ கொழுந்தின் விலையோ ஒன்பது சதவீதம்தான் ஏறியது. வெயில் காய்ந்து செடி துளிர்க்காத மாதங்களில் அந்த நாலு கிலோ எங்கிருந்து வரும்? மேசையில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரும் முதுகில் சாக்கோடு சரிவில் நிற்கப்போவதில்லை.

மாலையில் எடை போடும் இடத்தில் வரிசை நிற்கும். சாக்கின் எடைக்கு ஒரு கழிவு, மழை நாளென்றால் ஈரத்துக்கு ஒரு கழிவு. தராசு முள் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருத்தியும் எட்டிப் பார்ப்பாள். குறைந்தால் பக்கத்துச் சாக்கிலிருந்து ஒரு கை கொழுந்து சத்தமில்லாமல் இந்தச் சாக்குக்கு வரும். நாளைக்கு அது திரும்பிப் போகும்.

(தொடரும்)