நானூக்கும் இரண்டு பாடங்களும்

ஃபாத்திமா டோபிங் ரோனியின் ‘த தேர்ட் ஐ’ நூல் 1996இல் வந்தபின், ராபர்ட் ஃபிளாஹெர்ட்டியின் ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்தைப் பாடம்செய்த விலங்கோடு ஒப்பிடாமல் பேசுவது அரிதாகிவிட்டது. உயிர் போனதை உயிருள்ளதுபோல் நிறுத்திக் காட்டுவது அந்தத் தொழில். இனுயிட் மக்கள் அழிந்துவருகிறார்கள் என்று முன்னரே முடிவுகட்டிக்கொண்ட கேமரா, அவர்களை ஒரு பழங்காலத்தில் நிறுத்திக் காட்டியது என்பது ரோனியின் வாதம். அதன் பெரும்பகுதியை மறுக்க வழியில்லை. நாயகனின் உண்மைப் பெயர் அல்லகாரியல்லக். நானூக் என்பது படத்துக்காக வைத்த பெயர். துப்பாக்கிக்குப் பழகிய வேட்டைக்காரர்கள் ஈட்டியோடு வால்ரஸ் வேட்டைக்கு அனுப்பப்பட்டார்கள். உள்ளே வெளிச்சம் போதாததால் இக்லூ ஒரு பக்கம் திறந்தபடி கட்டப்பட்டது. ஆனால் ‘பாடம்செய்தல்’ என்ற சொல், ஒரு நூலின் வடிவம் என்ற பொருளில் தமிழில் வழங்கும் இன்னொரு பாடத்தையும் நினைவூட்டுகிறது. ரோனியின் வாசிப்பு படத்தின் எந்தப் பாடத்தைப் பற்றியது?

வீட்டுத் திரைக்கு டிவிடியாக வந்த படி, 1970களில் டேவிட் ஷெப்பர்ட் மீட்டமைத்தது. 1940களின் இறுதியில் வந்த ஒலிப்பதிப்பு படத்தைச் சுருக்கி, எழுத்து அட்டைகளுக்குப் பதில் பின்னணிக் குரலை வைத்திருந்தது; ஷெப்பர்ட் மௌனப்பட வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்தப் படி ஒரு நீண்ட முன்னுரையோடு தொடங்குகிறது. அதன் எழுத்து அட்டைகளில் ஃபிளாஹெர்ட்டி தன்மையிடத்தில் பேசுகிறார்: சர் வில்லியம் மெக்கென்சிக்காக 1910 முதல் 1916 வரை செய்த வடதிசைப் பயணங்கள், சிகரெட் நெருப்பில் எரிந்துபோன முதல் படச்சுருள், அப்போது வந்துகொண்டிருந்த புதுவகைப் பயணப் படங்கள் தந்த ஊக்கம். பிறகு ஒரு செய்தி. இரண்டாண்டுக்குள் நானூக் மான் தேடி உள்நாட்டுக்குப் போய்ப் பட்டினியால் இறந்தான். அதையடுத்து, படம் உலகின் மூலைமுடுக்கெல்லாம் போய்விட்டது என்றும், நானூக்கின் கடற்கரைக் கற்களைவிட அதிகம் பேர் அவனைப் பார்த்துவிட்டார்கள் என்றும் ஒரு பெருமிதம்.

இந்தக் கடைசி வரியில்தான் என் வாதம் நிற்கிறது. படம் நியூயார்க் கேப்பிட்டல் தியேட்டரில் திரையேறியது 1922 ஜூன் 11 அன்று. உலகைச் சுற்றி முடித்துவிட்டதாகச் சொல்லும் வரி அன்றைய திரையில் இருந்திருக்க முடியாது. மரணச் செய்தி மட்டும் என்றால் ஐயத்துக்கு இடமுண்டு. 1921 ஆகஸ்டில் படப்பிடிப்பு முடிந்ததிலிருந்து இரண்டாண்டைக் கணக்கிட்டால், முதற்காட்சியும் அதற்குள்தான் விழுகிறது. உலகச் சுற்றுக்கு அந்த இடமில்லை. படத்தின் உட்பகுதி அட்டைகளோ நானூக்கை வாழ்பவனாகவே நிகழ்காலத்தில் பேசுகின்றன. ஆகவே இன்றுள்ள முன்னுரையின் இறுதிப்பகுதியேனும் பிந்தியது. நெருப்புக் கதை 1922இலேயே இருந்திருக்கலாம். அதை விலக்க எனக்குச் சான்றில்லை. மேலெல்லையாக ஓர் ஆண்டைக் குறிக்கவும் நான் துணியவில்லை.

பிந்தியதானாலும் எழுதியவர் ஃபிளாஹெர்ட்டிதானே, இதை இடைச்செருகல் என்பது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் ஆசிரியரை மறுக்கவில்லை, அடுக்கைப் பிரிக்கிறேன். பழந்தமிழ் நூலைப் படிப்பவர் பாயிரத்தை நூலுக்குச் சமகாலச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. நூலாசிரியரே பாடியிருந்தாலும் எப்போது பாடினார் என்று கேட்பார். அதே கண்டிப்பு படத்துக்கும் வேண்டும். அந்தச் செய்தியின் உண்மையும் தனிக்கேள்வி: அல்லகாரியல்லக் பட்டினியால் அல்ல, காசநோயால் இறந்திருக்கலாம் என்பதே இன்று பலரது கருத்து. அப்படியானால் பட்டினிச் சாவுதான் முன்னுரையின் மிகக் கச்சிதமான புனைவு. ஒருவகையில் ரோனிக்கு அது இன்னும் பலம்.

இன்னொரு தடை வலுவானது. முன்னுரையை வெட்டியெறிந்தாலும் கிராமபோன் காட்சி இருக்கிறதே? கேமராவைக் கழற்றிப் பூட்டவும் படச்சுருளைக் கழுவவும் ஃபிளாஹெர்ட்டிக்குக் கைகொடுத்தவர்கள் அங்கிருந்த இனுயிட் மக்கள். அவர்களில் ஒருவர் இசைத்தட்டைக் கடித்துப் பார்த்து வியப்பதாகக் காட்டுவது அறியாமையின் நடிப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பழமையை நடிக்கவைப்பது, சாவை நடிக்கவைப்பதல்ல. ரோனியின் உவமையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 1922இன் பாடத்தில் முதலாவது மட்டுமே திண்ணமாக உண்டு.

வேறுபாடு எங்கே தெரியும் என்றால், படத்தின் முடிவில். பனிப்புயலில் சிக்கிய குடும்பம் கைவிடப்பட்ட ஓர் இக்லூவைக் கண்டு புகுகிறது. வெளியே நாய்கள்மேல் பனி மூடுகிறது. உள்ளே தோல்விரிப்புகளுக்கடியில் எல்லோரும் உறங்குகிறார்கள். நானூக்கின் முகத்தோடு படம் முடிகிறது. முன்னுரையைப் படித்துவிட்டு வந்தவருக்கு அது பிணத்தின் முகம். படிக்காதவர் பார்ப்பது, புயலுக்குத் தப்பி ஒதுங்க இடம் கண்டு அயர்ந்து தூங்கும் ஒரு மனிதனை.